ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், ஹார்வர்டு டென்னிஸ் கிளப்களோட கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யுனிவர்சிட்டி டென்னிஸ் கிளப்புக்கெல்லாம் ஒரு வரலாறா? பசங்க சாயங்காலம் ரெண்டு செட் ஆடிட்டுப் போறதுதானே?

நிறைய பேர் இப்படித்தான் நெனைக்கிறாங்க. ஆனா நாட்டுக்கு நாடு மோதுற டேவிஸ் கப்ப எடுத்துக்கோங்க, விம்பிள்டன் ஆண்கள் டபுள்ஸ் கோப்பைய எடுத்துக்கோங்க, செட் சமமா நின்னா ஒரே கேம்ல முடிக்கிற டை-பிரேக்கர எடுத்துக்கோங்க, மூணையும் பின்னாடியே தேடிட்டுப் போனா ஏதாவது ஒரு யுனிவர்சிட்டி டீம்லயோ அதுல ஆடின ஒருத்தர்கிட்டயோதான் போய் நிக்கும். பெரிய சங்கமெல்லாம் உருவாகி செட்டில் ஆகுறதுக்கு முன்னாடியே இந்த ஸ்டூடண்ட் கிளப்புங்க போட்டி நடத்தி, டிரா போட்டு, கோப்பை வாங்கி வெச்சு எல்லாம் பண்ணிட்டாங்க. அதனாலதான் இத உக்காந்து எழுதுறேன்.

லான் டென்னிஸ் எப்போ வந்துச்சு? அதுக்கு முன்னாடி யுனிவர்சிட்டில என்ன ஆடினாங்க?

அதுக்கு முன்னாடி ரியல் டென்னிஸ், அதாவது நாலு சுவருக்குள்ள, சுவத்துலயும் சாய்வு கூரையிலயும் பந்த அடிச்சு ஆடுற பழைய ஆட்டம். ஆக்ஸ்போர்டு மெர்டன் ஸ்ட்ரீட்ல அந்த கோர்ட் இன்னும் இருக்கு, இப்பவும் ஆடுறாங்க. ஆனா அதுக்குக் கட்டடம் வேணும், காசு வேணும், ஒரு நேரத்துல நாலு பேருக்கு மேல ஆடவும் முடியாது.

புல்தரையில ஆடுற ஆட்டத்த பர்மிங்ஹாம்ல ஹாரி ஜெம், அவரோட ஃப்ரெண்ட் அகுரியோ பெரேரா ரெண்டு பேரும் 1860கள் வாக்குலயே ஆடிட்டிருந்தாங்க. ஆனா 1874ல மேஜர் வால்டர் விங்ஃபீல்டு பேடன்ட் வாங்கி நெட்டு, பேட்டு, பந்து எல்லாத்தையும் ஒரு பெட்டிக்குள்ள போட்டு விக்க ஆரம்பிச்சதும்தான் அது தீயா பரவுச்சு. அவரோட கோர்ட் நடுவுல ஒடுங்கி ரெண்டு பக்கமும் விரிஞ்சு உடுக்கை மாதிரி இருக்கும். 1875ல லண்டன் கிரிக்கெட் கிளப்பான எம்.சி.சி. பொது விதி போட்டாங்க, 1877ல விம்பிள்டன் வந்துச்சு.

இதுல ஒரு விஷயம் கவனிங்க, வல்கனைஸ் பண்ண (கந்தகத்தோட சூடாக்கி உறுதியாக்கின) ரப்பர் பந்தும் புல்வெட்டுற மெஷினும் இல்லைன்னா இந்த ஆட்டமே இல்ல. பழைய டென்னிஸ் பந்து புல்லுல எகிறாது. புதுசா வந்த ரப்பர் பந்து எகிறுச்சு, ஆனா வழவழன்னு இருந்ததால கண்ட்ரோல் இல்ல, ஈரத்துல வழுக்கும். அதுக்கு மேல ஃபிளானல் துணி தெச்சா நல்லாருக்கும்னு 1874ல சொன்னவர் ஜான் மோயர் ஹீத்கோட், இவரு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி காலேஜ்ல படிச்ச ரியல் டென்னிஸ் ஆட்டக்காரர். இன்னிக்கும் பந்து மேல ரோமம் மாதிரி இருக்கே, அதுக்கு ஆரம்பம் அங்கதான்.

மொத விம்பிள்டன்லயே யுனிவர்சிட்டி ஆளுங்க இருந்தாங்களா?

இருந்தாங்க. 1877ல 22 பேர் பேர் கொடுத்தாங்க, ஜெயிச்சது ஸ்பென்சர் கோர். ஃபைனல்ல தோத்த வில்லியம் மார்ஷல் கேம்பிரிட்ஜ்காரர்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை 1879தான். ஜான் ஹார்ட்லின்னு ஒரு பாதிரியார், ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட் சர்ச்ல படிச்சவர், யார்க்‌ஷயர்ல ஒரு கிராமத்து சர்ச்சுக்கு விகார். நாம எங்க செமிஃபைனல் வரைக்கும் போகப் போறோம்னு ஞாயித்துக்கிழமை பூசைக்கு ஆள் ஏற்பாடு பண்ணாமலே லண்டன் வந்துட்டாரு. ஆனா ஜெயிச்சுக்கிட்டே போறாரு. சனிக்கிழமை ரயிலேறி ஊருக்குப் போயி, ஞாயிறு பிரசங்கம் பண்ணிட்டு, திங்கக்கிழமை விடியக்காலையில கிளம்பி பசியோட வந்து கோர்ட்ல எறங்குறாரு. நல்ல வேளை மழை வந்து ஆட்டம் நின்னுச்சு, அந்த கேப்ல சாப்பிட்டுட்டு வந்து ஜெயிச்சு, அடுத்து டைட்டிலும் வாங்கிட்டாரு. ஃபைனல்ல அவருகிட்ட தோத்த வீர் செயின்ட் லெஜர் கூல்டு பின்னாடி 1907ல மான்டி கார்லோல ஒரு கொலை கேஸ்ல மாட்டி, டெவில்ஸ் ஐலண்ட் ஜெயில்ல செத்தாரு. பாதிரியாரும் கொலைகாரனும் ஃபைனல் ஆடின ஒரே விம்பிள்டன் அதுவாத்தான் இருக்கும்.

ஆக்ஸ்போர்டு கிளப் பெருசா என்ன பண்ணுச்சு?

டபுள்ஸ். ஆரம்பத்துல விம்பிள்டன்ல சிங்கிள்ஸ் மட்டும்தான். 1879ல ஆக்ஸ்போர்டு ஆளுங்கதான் நார்ஹாம் கார்டன்ஸ்ல ஆண்கள் டபுள்ஸ் சாம்பியன்ஷிப்ப ஆரம்பிச்சாங்க, மொத வருஷம் எர்ஸ்கினும் ஹெர்பர்ட் லாஃபோர்டும் ஜெயிச்சாங்க, அடுத்த வருஷம் ரென்ஷா ட்வின்ஸ், வில்லியமும் எர்னஸ்ட்டும். 1883 வரைக்கும் ஆக்ஸ்போர்டுலயே நடந்துச்சு. 1884ல விம்பிள்டன் டபுள்ஸ எடுத்துக்கிட்டப்போ ஆக்ஸ்போர்டு கிளப் அந்த வெள்ளிக் கோப்பைய விம்பிள்டன் நடத்துற ஆல் இங்கிலாந்து கிளப்புக்கே கொடுத்துடுச்சு.

இன்னிக்கும் விம்பிள்டன் ஆண்கள் டபுள்ஸ் ஜெயிக்கிறவங்க தூக்கிக் காட்டுறது அதே கோப்பைதான். டிவில பாக்குறப்போ கமென்டேட்டர் ஒரு வார்த்தை இதச் சொல்லலாம், சொல்ல மாட்டாங்க.

வார்சிட்டி மேட்ச்னா என்ன? எப்போ ஆரம்பிச்சது?

ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் வருஷா வருஷம் மோதுறதுதான் வார்சிட்டி மேட்ச். கிரிக்கெட்ல 1827, படகுப் போட்டியில 1829, டென்னிஸ்ல 1881. விம்பிள்டன் ஆரம்பிச்சு நாலே வருஷத்துல, டேவிஸ் கப்புக்கு 19 வருஷம் முன்னாடி. ஒரு கிளப்போட உயிரே இந்த மாதிரி ஃபிக்ஸ்சர்லதான் இருக்கு. தினமும் ஆடுறதுக்கு கோர்ட் போதும், ஆனா வருஷத்துக்கு ஒரு தடவ கட்டாயம் ஒருத்தன எதிர்த்து ஆடியே ஆகணும்னு வந்துட்டா டீம் செலக்ட் பண்ணணும், கேப்டன் வேணும், செக்ரட்டரி வேணும், காசு வசூல் பண்ணணும், ஸ்கோர எழுதி வெக்கணும். மூணு வருஷத்துல எல்லாரும் டிகிரி வாங்கிட்டு கிளம்பிடுற எடத்துல ஒரு கிளப் நூறு வருஷத்துக்கு மேல நிக்குதுன்னா அதுக்கு பாதி காரணம் எதிர்ல ஒரு போட்டிக்காரன் இருக்குறதுதான்.

ப்ளூ வாங்கினாருன்னு சொல்றாங்களே, அது பரிசா?

பரிசு இல்ல, கௌரவம். வார்சிட்டி மேட்ச்ல யுனிவர்சிட்டிக்காக ஆடினவங்களுக்கு அந்த கலர் போட்டுக்குற உரிமை. கேம்பிரிட்ஜ் வெளிர் நீலம், ஆக்ஸ்போர்டு கருநீலம். இது படகுப் போட்டியில இருந்து வந்த பழக்கம், 1836ல கேம்பிரிட்ஜ் படகுல ஒரு வெளிர் நீல ரிப்பன் கட்டினாங்க, அப்படியே ஒட்டிக்கிச்சு. எல்லா விளையாட்டுக்கும் முழு ப்ளூ கிடையாது, சிலதுக்கு ஹாஃப் ப்ளூதான், எதுக்கு எது கொடுக்கணும்ங்குறதுல இன்னிக்கு வரைக்கும் சண்டை ஓயல.

கேம்பிரிட்ஜ்ல யாரெல்லாம் ஆடினாங்க?

இந்த லிஸ்ட்தான் பெருசு. மொதல்ல டோஹர்ட்டி அண்ணன் தம்பி, ரெஜ்ஜியும் லாரியும். ரெண்டு பேருமே டிரினிட்டி ஹால் காலேஜ், ரெண்டு பேருமே யுனிவர்சிட்டி டீம். அண்ணன் 1897ல இருந்து 1900 வரைக்கும் விம்பிள்டன் சிங்கிள்ஸ் ஜெயிச்சாரு, தம்பி 1902ல இருந்து 1906 வரைக்கும். சேர்ந்து டபுள்ஸ் எட்டு தடவ. அண்ணனுக்கு உடம்பு அடிக்கடி படுத்தும், அப்படியும் இப்படி. 1890கள்ல விம்பிள்டனுக்கு கூட்டம் குறைஞ்சு போயிருந்தப்போ இவங்க ஆட்டத்தப் பாக்கத்தான் ஜனங்க திரும்ப வந்தாங்கன்னு சொல்லுவாங்க.

அப்புறம் ஆன்டனி வைல்டிங், நியூசிலாந்துல இருந்து சட்டம் படிக்க டிரினிட்டிக்கு வந்தவர். கிரிக்கெட்டும் நல்லா ஆடுவாரு, மோட்டார் பைக்னா உயிரு. யுனிவர்சிட்டி டீம்ல ஆடி, பின்னாடி 1910ல இருந்து 1913 வரைக்கும் நாலு தடவ விம்பிள்டன் சிங்கிள்ஸ் எடுத்தாரு. 1914ல தோத்தாரு. 1915 மே 9ஆம் தேதி பிரான்ஸ்ல நியூவ் ஷாப்பெல் பக்கத்துல ஷெல் விழுந்து செத்தாரு, வயசு 31.

மேக்ஸ் வூஸ்னம்னு ஒரு ஆளு இருக்காரு, நம்பவே முடியாது. 1920 ஒலிம்பிக்ல டென்னிஸ் டபுள்ஸ் தங்கம், 1921ல விம்பிள்டன் டபுள்ஸ், அதோட மான்செஸ்டர் சிட்டிக்கு ஃபுட்பால் ஆடி இங்கிலாந்து ஃபுட்பால் டீமுக்கே கேப்டன். இதுல எல்லாம் சம்பளம் வாங்காத அமெச்சூர். அந்தக் காலத்துல வசதியான வீட்டுப் பசங்களுக்கு மட்டும் கிடைச்ச சுதந்திரம் அது, அதையும் மறக்கக் கூடாது.

ஷார்ட்ஸ் போட்டு ஆடினதும் கேம்பிரிட்ஜ் ஆளா?

ஆமா, பன்னி ஆஸ்டின், பெம்ப்ரோக் காலேஜ். வியர்வையில நனைஞ்ச ஃபிளானல் பேன்ட் கால இழுக்குதுன்னு 1932ல அமெரிக்காவுல ஷார்ட்ஸ் போட்டாரு, அடுத்த வருஷம் விம்பிள்டன்லயும். 1932, 1938 ரெண்டு தடவ ஃபைனல் வந்தாரு, ஜெயிக்கல.

பொண்ணுங்க ஆடினாங்களா, இல்ல வேடிக்கைதானா?

நல்லாவே ஆடினாங்க. கேம்பிரிட்ஜ்ல கர்டன் 1869, நியூன்ஹாம் 1871, ஆக்ஸ்போர்டுல லேடி மார்கரெட் ஹால், சாமர்வில் ரெண்டும் 1870கள் கடைசில வந்த காலேஜ். காலேஜ் ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே கோர்ட்டும் வந்துடுச்சு, 1880கள்லயே ரெண்டு யுனிவர்சிட்டி பொண்ணுங்களும் மோத ஆரம்பிச்சுட்டாங்க. தரைய கூட்டுற பாவாடையும் உள்ள இறுக்கிக் கட்டின கார்செட்டுமா ஓவர்ஹெட் அடிக்கணும், யோசிச்சுப் பாருங்க.

இதுல உறுத்துற விஷயம் என்னன்னா, ஆக்ஸ்போர்டு பொண்ணுங்களுக்கு முழு டிகிரி கொடுத்தது 1920ல, கேம்பிரிட்ஜ் 1948ல. அதாவது யுனிவர்சிட்டி பேருல ராக்கெட் புடிச்சு ஆடலாம், பரீட்சையும் எழுதலாம், பட்டம் மட்டும் கிடையாது. பழைய கிளப் வரலாறு எழுதினவங்க பலபேரு இதுக்கு அரைப் பக்கம் கூட ஒதுக்கினதில்ல.

அமெரிக்காவுல எப்படி பரவுச்சு? ஹார்வர்டு ஏன் முக்கியம்?

1881ல நியூபோர்ட்ல நடந்த மொத அமெரிக்க சாம்பியன்ஷிப்ப ஜெயிச்ச ரிச்சர்ட் சியர்ஸ் அப்போ ஹார்வர்டு ஸ்டூடண்ட். 1887 வரைக்கும் தொடர்ந்து ஏழு தடவ ஜெயிச்சாரு. 1883ல ஹார்ட்ஃபோர்டு டிரினிட்டி காலேஜ்ல காலேஜுகளுக்குள்ள மொத சாம்பியன்ஷிப் நடந்துச்சு, அந்த ஒரே வருஷத்துல ரெண்டு தடவ, வசந்தத்துல ஒண்ணு, இலையுதிர் காலத்துல ஒண்ணு. மொதல்ல ஜோசஃப் கிளார்க், அடுத்து ஹோவர்ட் டெய்லர், ரெண்டு பேரும் ஹார்வர்டு. இன்னிக்கு என்.சி.ஏ.ஏ. (அமெரிக்க காலேஜ் விளையாட்டுப் போட்டிகள நடத்துற அமைப்பு) சிங்கிள்ஸ் சாம்பியன்ஷிப்ப இந்த 1883ல இருந்துதான் எண்ணுறாங்க, என்.சி.ஏ.ஏ. அத கையில எடுத்தது என்னமோ 1946லதான்.

டேவிஸ் கப்ப நிஜமாவே ஒரு காலேஜ் பையனா ஆரம்பிச்சான்?

ஆமா. ட்வைட் டேவிஸ், செயின்ட் லூயிஸ் பக்கத்து பணக்கார வீட்டுப் பையன், 1899ல இன்டர்காலேஜியேட் சிங்கிள்ஸ் சாம்பியன். அந்த வருஷம் ஹோல்கம்ப் வார்டு, மால்கம் விட்மேன், பீல்ஸ் ரைட் இவங்களோட சேர்ந்து கலிஃபோர்னியா பக்கம் போயி ஆடினாரு. போற எடமெல்லாம் ஜனங்க ஆர்வமா பாக்க வர்றதப் பாத்துட்டு, ஊருக்கு ஊரு ஆடினாலே இவ்வளவு கூட்டம்னா நாட்டுக்கு நாடு ஆடினா எப்படி இருக்கும்னு ஒரு யோசனை. தன் காசுலயே பாஸ்டன்ல ஒரு நகைக்கடையில வெள்ளிக் கிண்ணம் செய்யச் சொன்னாரு, 217 அவுன்ஸ் வெள்ளி, செலவு ஆயிரம் டாலர் வாக்குல.

1900 ஆகஸ்ட்ல பாஸ்டன் லாங்வுட் கிரிக்கெட் கிளப்ல மொத போட்டி. அமெரிக்க டீம்னு பேரு, ஆனா ஆடின மூணு பேரும், அதாவது டேவிஸ், வார்டு, விட்மேன், மூணும் ஹார்வர்டு. பிரிட்டன்ல இருந்து வந்தவங்க ஆர்தர் கோர், எர்னஸ்ட் பிளாக், ரோப்பர் பாரெட். 3-0ன்னு அமெரிக்கா ஜெயிச்சிடுச்சு, கடைசி ஆட்டம் மழையில நின்னு போச்சு. வந்தவங்க கடுப்பாகி புல்லு நீளமா இருந்துச்சு, நெட்டு தொங்குச்சு, பந்து மெத்துனு இருந்துச்சுன்னு புலம்பினாங்க, அதுல உண்மையும் இருக்கலாம், ஆனா அவங்கள நிஜமா கவுத்தது டேவிஸும் வார்டும் போட்ட ட்விஸ்ட் சர்வ். பந்து தரையில பட்டதும் நெனைச்ச பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா உயரமா எகிறும். அந்த மாதிரி சர்வ அவங்க அதுவரைக்கும் பாத்ததே இல்ல. இன்னிக்கு கோச்சுங்க கிக் சர்வ்னு சொல்லித் தர்றது அதோட வாரிசுதான்.

டேவிஸ் பின்னாடி அமெரிக்காவோட போர்த்துறை செயலாளரா இருந்தாரு, 1929ல இருந்து ஃபிலிப்பைன்ஸ் கவர்னர் ஜெனரல். ஆனா பேர் நின்னது அந்தக் கிண்ணத்துல.

பிரிட்டன் எப்போ திருப்பி அடிச்சது?

1903ல, அதே லாங்வுட்ல, அடிச்சது கேம்பிரிட்ஜ் டோஹர்ட்டி பிரதர்ஸ். ரெஜ்ஜிக்கு தோள்பட்டை வலி. ஆள மாத்தினா அப்புறம் ரெஜ்ஜிய எறக்க முடியாது, அதனால மொத சிங்கிள்ஸ ஆடாமலே விட்டுக் கொடுத்து ரெஸ்ட் எடுக்க வெச்சாங்க, நடுவுல மழையும் வந்து ஹெல்ப் பண்ணுச்சு, அப்புறம் எறங்கி ஜெயிச்சாங்க. கப்பு மொத தடவ கடல் தாண்டுச்சு. கையோட லாரி அமெரிக்க சிங்கிள்ஸ் டைட்டிலையும் எடுத்துட்டாரு, அத ஜெயிச்ச மொத வெளிநாட்டுக்காரர் அவருதான்.

ப்ரென்டிஸ் கப்னு ஒண்ணு கேள்விப்பட்டேன்?

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சேர்ந்து ஒரு டீம், ஹார்வர்டு, யேல் சேர்ந்து ஒரு டீம். 1921ல ஆரம்பிச்சது. இப்போ ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, ஒரு தடவ இங்கிலாந்து, ஒரு தடவ அமெரிக்கா. வருஷம் பூரா ஒருத்தரை ஒருத்தர் தோக்கடிக்கணும்னு துடிக்கிற ரெண்டு கிளப்பும் ஒரே நெட்டுக்கு ஒரே பக்கம் நின்னு ஆடணும், அதுதான் இதுல ருசி. டிவில எல்லாம் வராது.

டை-பிரேக்கருக்கும் யுனிவர்சிட்டிக்கும் என்ன சம்பந்தம்?

ஜிம்மி வான் ஆலன்னு ஒரு அமெரிக்கக் கோடீஸ்வரர், கேம்பிரிட்ஜ்ல படிச்சு அங்க டென்னிஸ் டீம்ல ஆடினவர். பின்னாடி நியூபோர்ட் கேசினோவ (பேருதான் கேசினோ, அது டென்னிஸ் கிளப்) பாத்துக்கிட்டாரு, 1954ல அங்கயே டென்னிஸ் ஹால் ஆஃப் ஃபேம ஆரம்பிச்சாரு. அதே வருஷம் அவரு நடத்தின போட்டி ஃபைனல்ல ஹாம் ரிச்சர்ட்சனும் ஸ்ட்ரெய்ட் கிளார்க்கும் ஆடினாங்க பாருங்க, 6-3, 9-7, 12-14, 6-8, 10-8. ரெண்டு கேம் வித்தியாசம் வந்தாத்தான் செட் முடியும், அதனால முடியவே இல்ல. அடுத்து ஆட வேண்டியவங்க காத்துக் கெடக்குறாங்க, பாக்க வந்தவங்க நெளியுறாங்க. இதுக்கு ஒரு முடிவு கட்டணும்னு அவரு 40-40க்கு அப்புறம் ரெண்டு பாயின்ட் தொடர்ந்து எடுக்கணும்ங்குற அட்வான்டேஜே இல்லாத ஸ்கோரிங், டை-பிரேக் எல்லாம் சேர்த்து ஒரு புது முறைய கொண்டு வந்து வருஷக்கணக்கா எல்லார்கிட்டயும் நச்சரிச்சாரு. 1970ல யு.எஸ். ஓபன் ஏத்துக்கிச்சு, 1971ல விம்பிள்டன், அங்க மொதல்ல 8-8ல, 1979ல இருந்து 6-6ல.

அந்த நீண்ட மேட்ச்ச ஜெயிச்ச ரிச்சர்ட்சன் யாருன்னு பாத்தா, டுலேன் யுனிவர்சிட்டிக்காக 1953, 1954 என்.சி.ஏ.ஏ. சாம்பியன், அப்புறம் ரோட்ஸ் ஸ்காலர்ஷிப்ல ஆக்ஸ்போர்டு போனவர். சின்ன உலகம்தான் அது.

கறுப்பின ஸ்டூடண்ட்ஸ் இந்த கிளப்புல இருந்தாங்களா?

பெரிய வெள்ளைக்கார கிளப்புங்க ரொம்ப நாள் கதவத் தெறக்கல. அதனால அவங்க 1916ல அமெரிக்கன் டென்னிஸ் அசோசியேஷன்னு தனியா ஒண்ணு ஆரம்பிச்சாங்க, அதுக்கு முதுகெலும்பா நின்னது டஸ்கீகி மாதிரி கறுப்பின காலேஜுகள். டஸ்கீகில ஆடின மார்கரெட், ருமேனியா பீட்டர்ஸ் அக்கா தங்கச்சி அந்த அசோசியேஷன் டபுள்ஸ 14 தடவ ஜெயிச்சாங்க, ஆனா அவங்க உச்சத்துல இருந்தப்போ அமெரிக்க நேஷனல்ஸ் (இன்னிக்கு யு.எஸ். ஓபன்) ஆட விடல.

ஆல்தியா கிப்சன் ஸ்காலர்ஷிப்ல ஃபுளோரிடா ஏ அண்ட் எம் போயி 1953ல டிகிரி முடிச்சாங்க. நடுவுல 1950ல அமெரிக்க நேஷனல்ஸ்ல ஆடின மொத கறுப்பினத்தவர், 1957, 1958 ரெண்டு வருஷமும் விம்பிள்டன் சாம்பியன். ஆர்தர் ஆஷ் யு.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலஸ்ல இருக்குற கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி) போயி 1965ல என்.சி.ஏ.ஏ. சிங்கிள்ஸ், டபுள்ஸ், டீம் டைட்டில் மூணும் எடுத்தாரு. 1968ல யு.எஸ். ஓபன் ஜெயிச்சப்போ அமெச்சூர்ங்கறதால 14,000 டாலர் பரிசு அவருக்கு வரல, தினப்படி 20 டாலர்தான். 1975 விம்பிள்டன் ஃபைனல்ல அவரு தோக்கடிச்சது ஜிம்மி கானர்ஸ, அவரும் யு.சி.எல்.ஏ., 1971 என்.சி.ஏ.ஏ. சாம்பியன்.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ்ல இருந்து இப்போ ஏன் சாம்பியன் வர்றதில்ல?

1968ல ஓபன் யுகம் வந்துச்சு, ஆடி காசு சம்பாதிக்கலாம்னு ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடி பெரிய போட்டிகள்ல ஆடினவங்க பேருக்காவது அமெச்சூர், அதனால படிச்சுக்கிட்டே ஆடுறதுல நஷ்டம் இல்ல. அப்புறம் 18 வயசுலயே வருஷம் பூரா டூர்ல சுத்தணும். அந்த ரெண்டு யுனிவர்சிட்டிலயும் விளையாட்டுக்குன்னு சீட் கிடையாது, டெர்ம் எட்டு வாரம், அதுல வாராவாரம் கட்டுரை எழுதணும். அதுல எங்க ஆறு மணிநேரம் பிராக்டிஸ்? எனக்கு இது ஒண்ணும் சோகமா தெரியல, கிளப் கிளப்பா இருக்கு, அவ்வளவுதான்.

அமெரிக்கா வேற வழில போச்சு. ஸ்காலர்ஷிப், முழுநேர கோச், டிராவல் பட்ஜெட். ஸ்டான்ஃபோர்டு கோச் டிக் கூல்டு 17 டீம் டைட்டில் எடுத்தாரு. ஜான் மெக்கன்ரோ 1977ல விம்பிள்டன் செமிஃபைனல் ஆடிட்டு வந்து அங்க சேர்ந்து, 1978ல என்.சி.ஏ.ஏ. ஜெயிச்சுட்டு ப்ரோ ஆனாரு.

அமெரிக்க காலேஜ் மேட்ச் எப்படி ஆடுவாங்க?

மொதல்ல மூணு டபுள்ஸ், ரெண்டு ஜெயிச்சா மொத்தமா ஒரு பாயின்ட். அப்புறம் ஆறு சிங்கிள்ஸ், ஒண்ணுக்கு ஒரு பாயின்ட். மொத்தம் ஏழு, நாலு எடுத்தா ஜெயிச்ச மாதிரி. டியூஸ், அதாவது 40-40 வந்தா அட்வான்டேஜ் கிடையாது, அடுத்த பாயின்டே கேம், வான் ஆலன் ஆசைப்பட்டது இங்கதான் முழுசா நடக்குது. ஆறு கோர்ட்ல ஒரே நேரத்துல ஆட்டம், டீம் ஆளுங்க கத்துறது காதப் பொளக்கும், விம்பிள்டன் மரியாதையெல்லாம் அங்க எதிர்பாக்காதீங்க.

ஆறு கோர்ட்லயும் என்ன நடக்குதுன்னு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே தன் ஆட்டத்தையும் ஆடணும். 3-3ன்னு நிக்கும்போது கடைசியா மிச்சமிருக்குற ஒரு கோர்ட்ட சுத்தி ரெண்டு டீமும் வந்து உக்காரும் பாருங்க, அங்க ஆடுறவனுக்கு கை நடுங்கலைன்னாத்தான் ஆச்சரியம்.

இந்திய ஆளுங்க அங்க சாதிச்சிருக்காங்களா?

சோம்தேவ் தேவ்வர்மன். வர்ஜீனியா யுனிவர்சிட்டி. 2006ல என்.சி.ஏ.ஏ. சிங்கிள்ஸ் ஃபைனல் வந்து தோத்தாரு, 2007ல ஜார்ஜியா யுனிவர்சிட்டி ஜான் இஸ்னர ஃபைனல்ல சாய்ச்சாரு, 2008லயும் டைட்டில் அவருக்கே. அந்த கடைசி சீசன்ல 44 ஜெயிச்சு ஒண்ணே ஒண்ணுதான் தோத்தாரு. இஸ்னர்தான் 2010 விம்பிள்டன்ல கடைசி செட்ட 70-68ன்னு முடிச்ச ஆளு.

பெண்கள் ஸ்காலர்ஷிப் எப்போ வந்துச்சு?

பில்லி ஜீன் கிங் 1961ல விம்பிள்டன் டபுள்ஸ் ஜெயிச்சுட்டு லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டேட் காலேஜ்ல படிச்சாங்க. ஸ்காலர்ஷிப் கிடையாது. அதே காலேஜ்ல அவங்க பின்னாடி கல்யாணம் பண்ணிக்கிட்ட லாரி கிங் டென்னிஸ் ஸ்காலர்ஷிப்ல இருந்தாரு! விம்பிள்டன் ஜெயிச்சது யாருன்னு கேட்டா பதில் வேற. 1972ல, காலேஜ்ல ஆண் பெண் பாகுபாடு கூடாதுங்குற டைட்டில் நைன் சட்டம் வந்த பிறகுதான் நிலைமை மாறுச்சு, 1982ல என்.சி.ஏ.ஏ. பெண்கள் சாம்பியன்ஷிப் ஆரம்பிச்சுது, மொத டீம் டைட்டில் ஸ்டான்ஃபோர்டுக்கு.

நான் படிக்கிற யுனிவர்சிட்டி டென்னிஸ் கிளப் வரலாற எழுதணும், எங்க தேடுறது?

மொதல்ல சுவத்துல தொங்குற குரூப் ஃபோட்டோ. நடுவுல உக்காந்திருக்குறவரு கேப்டன், மடியில ராக்கெட் குறுக்க இருக்கும், கீழ அட்டையில அழகான கையெழுத்துல இனிஷியலோட பேரு, வருஷம். ஃபிரேம கழட்டினா பின்னாடி ஸ்டுடியோ பேரும் சில நேரம் பென்சில்ல மேட்ச் ரிசல்ட்டும் கூட இருக்கும். அடுத்து கோப்பைங்க, வெள்ளி கறுத்துப் போயிருந்தாலும் வெட்டின எழுத்து பொய் சொல்லாது, எந்தெந்த வருஷம் பேரு இல்லாம காலியா இருக்குன்னும் பாருங்க, போர் வருஷமா இருக்கும், இல்லைன்னா கிளப்பே படுத்திருக்கும்.

அப்புறம் மினிட் புக், அதாவது கிளப் கூட்டத்துல பேசினத எழுதி வெக்கிற நோட்டு. இதுல சுவாரஸ்யம் ஜெயிச்ச கதையில இல்ல, சண்டையில: பந்துக்கு யாரு காசு கொடுக்குறது, ரோலர் ஏன் ரிப்பேர் பண்ணல, சந்தா கட்டாதவன ஆட விடலாமா, பொண்ணுங்களுக்கு எந்த நேரம் கோர்ட். ஸ்டூடண்ட் பத்திரிகை ஃபைல், யுனிவர்சிட்டி காலண்டர், நிலத்தோட பழைய மேப் இதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு வெச்சு சரி பாக்கணும். வயசான பழைய மாணவர்கள்கிட்ட சீக்கிரமா பேசிடுங்க, ஆனா அவங்க சொல்ற ஸ்கோர அப்படியே எழுதாதீங்க, நாற்பது வருஷத்துல 6-4, 6-4 தோல்வி எல்லாம் அஞ்சு செட் போராட்டமா வளர்ந்திருக்கும்.

எங்க கிளப்புக்கு ஆரம்ப வருஷம் ரெண்டு மூணு சொல்றாங்க, எத போடுறது?

மொத தடவ ஆடினது, கிளப்னு பேர் வெச்சது, யுனிவர்சிட்டி அங்கீகரிச்சது, மொத வெளி மேட்ச், இது நாலும் பெரும்பாலும் நாலு வெவ்வேற வருஷம். எதையும் தூக்கிப் போடாம நாலையும் போட்டுடுங்க. போர்டுல ஒரே ஒரு வருஷம்தான் எழுத எடம் இருக்குன்னா மொத வெளி மேட்ச்ச போடுங்க, அதுக்குத்தான் எதிர் டீம்கிட்டயும் ஒரு ரெக்கார்டு இருக்கும், யாராவது கேட்டா காட்டலாம்.